உப்பளத்துக்கு ஒரு த்

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள், ஐயா. ஆணி இருக்கிறது. இப்படி நடுவில் வாருங்கள். அந்த ஆணிக்கு எட்டு வயது ஆகிறது. நான் இங்கே சேர்ந்த ஆண்டில்தான் அதுவும் தலை நீட்டியது. அதைப் பற்றி இரண்டு முறை விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இரண்டாவதற்குப் பதில்கூட வந்தது. பெஞ்சு எந்தத் துறைக்குச் சொந்தம் என்று கேட்டிருந்தார்கள்.

உங்கள் டோக்கன் என்ன? நாற்பத்து நான்கா? நல்லது, நான் நாற்பத்து மூன்று. இப்போது முப்பத்தெட்டு ஓடுகிறது. ஏழு ஜன்னல் இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். ஏழும் ஜன்னல்தான். திறப்பது நான்காவது மட்டும். ஆய்வேடு கொடுப்பவர், பெயர் திருத்துபவர், இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்பவர், எல்லோருக்கும் அது ஒன்றுதான். உங்களுக்கு இடப்பெயர்வா? மகளுக்கா? அறந்தாங்கியிலிருந்தா வருகிறீர்கள்! மகள் வரவில்லையா? வேலையில் சேர்ந்துவிட்டாளா. கெட்டிக்காரி. படிவத்தை இங்கே வாங்கி, முத்திரைக்காக மூன்று கிலோமீட்டர் தள்ளித் தேர்வுப் பிரிவுக்குப் போய், மறுபடி இங்கே வந்திருப்பீர்கள். சட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு நாங்கள் கற்பதும் அதுதான், நடக்க.

மக்ரூன் எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மக்ரூன். எனக்கு வந்ததுதான், கூச்சப்படாதீர்கள்.

நான் எனக்காக இங்கே வரவில்லை. ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஓர் ஒற்றெழுத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

என் பெயர் மெய்கண்டான். நடுவில் க் கிடையாது. மெய்யைக் கண்டவன் மெய்கண்டான். இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்கே வல்லினம் மிகாது. தமிழ் படித்த எவரும் சொல்வார்கள். ஆனால் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது இந்தப் பிரிவில் யாரோ ஒரு புண்ணியவான் பதிவு ஆணையில் மெய்க்கண்டான் என்று அடித்துவிட்டார். ஆணையில் க் வந்ததால் அடையாள அட்டையிலும் க் வந்தது. அந்த அட்டையை நான் வாங்கவில்லை. வாங்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? அட்டை இல்லாமல் நூலகத்துக்குள் விடமாட்டார்கள். எட்டாண்டாக நூலக வாசல் வரை போய் வருகிறேன். வாயிற்காவலர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். மரியாதை என்றுதான் நினைக்கிறேன்.

பின் எப்படிப் படித்தேன் என்கிறீர்கள். அங்கேதான் இசக்கிச்செல்வி வருகிறாள்.

என் நெறியாளர் பேராசிரியர் அருமைநாதன் இருக்கிறாரே, அவரிடமே ஆய்வு செய்பவள். எனக்கு மூன்றாண்டு இளையவள். ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா இல்லை. அம்மா உப்பளத்தில் வேலை பார்த்துப் படிக்கவைத்தார். தன் பெயரை இசக்கிசெல்வி என்று ச் இல்லாமல் எழுதுவாள். கேட்டால், "பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்ல அப்படித்தான அண்ணாச்சி இருக்கு" என்பாள். நான் விடவில்லை. ஐந்தாண்டாக ச் போட்டுத்தான் கூப்பிடுகிறேன். எனக்கு வேண்டிய நூல்களையெல்லாம் தன் நூலக அட்டையில் எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். திருப்பித் தரத் தாமதமானால் அங்கே அவளைத்தான் திட்டுவார்கள். பதிலுக்கு நானும் அவளுக்கு எவ்வளவோ உதவியிருக்கிறேன். அவள் அனுப்பும் குறுஞ்செய்திகளைப் பிழை திருத்தி உடனே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அவளுடைய ஆய்வுத் தலைப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். 'தூத்துக்குடி வட்டார உப்பள தொழிலாளர்களின் வழக்குச்சொற்கள்.' மறுபடி சொல்லிப் பாருங்கள். உப்பள தொழிலாளர். நடக்கும்போது ஒரு படி குறைந்தது போல இல்லை? இப்போது, உப்பளத் தொழிலாளர். கால் சரியாகப் பதிகிறதல்லவா? பார்த்தீர்களா, அறந்தாங்கிக்காரருக்குப் புரிகிறது. பதிவு ஆணை அடித்தவருக்குப் புரியவில்லை. எனக்கு ஒன்றைக் கூட்டினார், அவளுக்கு ஒன்றைக் குறைத்தார். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

முப்பத்தொன்பது. வேகமாகத்தான் போகிறது. மதியம் சர்வர் படுத்துவிட்டது, அதுதான் தாமதம்.

போன மாதம் ஒருநாள் துறை வராந்தாவுக்கு ஓடிவந்தாள். கையில் ஆய்வேடு, ஐந்து பிரதி. அடர்பச்சை அட்டை, பொன்னெழுத்து.

"அண்ணாச்சி, முடிஞ்சிட்டு! தொட்டுப் பாருங்க."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. படித்துப் பார்த்தேன்.

"இசக்கிச்செல்வி, த் எங்கே?"

"எந்த த்?"

"உப்பளத்துக்கு அடுத்த த்."

"ஆர்டர்ல அப்படித்தான் அடிச்சிருக்காவ அண்ணாச்சி. ஆர்டர்ல இருக்கிற மாதிரியே அட்டையிலயும் இருக்கணும்னு சாரே சொல்லிட்டாரு."

"ஆணை தவறினால் அட்டையும் தவற வேண்டுமா?"

"ஒத்த எழுத்து அண்ணாச்சி!"

"ஒற்றெழுத்து" என்று திருத்தினேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அவளுக்கு ஊர்ப்பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை தகைந்திருந்தது. வருகிற ஒன்றாம் தேதி காலையில், ஆய்வேடு கொடுத்ததற்கான ரசீதோடு போய்ச் சேர வேண்டும். ரசீது இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. அம்மாவை அத்தோடு உப்பளத்திலிருந்து நிறுத்திவிடுவதாக இருந்தாள். அந்த அம்மாவுக்குக் கால் இரண்டும் வெடித்துப்போயிருக்கிறது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "நாளை உன் மாணவர்கள் இந்த அட்டையைப் பார்ப்பார்கள். தமிழ் சொல்லித்தர வந்த அம்மாவுக்குத் தன் தலைப்பிலேயே ஒற்றுத் தெரியவில்லை என்பார்கள்." அவள் முகம் வாடிவிட்டது. மூன்று நாள் யோசித்தாள். மூன்று நாளும் நினைவூட்டினேன். நான்காம் நாள் பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டு, த் போட்ட புது அட்டை கட்டிக்கொண்டு வந்தாள். பார்க்கக் கண் நிறைந்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு இதே ஜன்னலுக்கு வந்தோம். உள்ளே கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான் தமயந்தி மேடம்.

"என்னம்மா, டைட்டில் மாறியிருக்கு?"

"மாறல மேடம், ஒரு ஒற்று மட்டும்..."

"கம்ப்யூட்டர் சிவப்பு காட்டுது பாரு. ஒரு எழுத்து கூடுதல்."

நான் பின்னாலிருந்து சொன்னேன். "கூடுதல் இல்லை, அம்மா. நீங்கள் விட்டதைத்தான் சேர்த்திருக்கிறோம்."

"நீங்க யாரு சார்?"

"மெய்கண்டான்."

அவர் பட்டியலைத் தட்டிப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லையே. மெய்க்கண்டான்னுதான் ஒருத்தர் இருக்காரு."

"அவர் யாரென்று எனக்குத் தெரியாது" என்றேன்.

"அப்போ வெளிய நில்லுங்க சார்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தலைப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது தலைப்பு மாற்றமாம். தலைப்பு மாற்றம் என்றால் ஆய்வுக் குழு கூட வேண்டுமாம். குழு அடுத்துக் கூடுவது நான்கு மாதம் கழித்து. வேலைக்குப் போக வேண்டியது ஒன்றாம் தேதி. இசக்கிச்செல்வி அதோ அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நிலைமொழி வருமொழி எல்லாம் எடுத்துச் சொல்லி, நம் பக்கம்தான் நியாயம் என்று தேற்றினேன்.

"நியாயத்த வச்சி நான் என்ன செய்ய அண்ணாச்சி" என்றாள். களைப்பு, வேறொன்றுமில்லை.

அன்று இரவே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். ஒன்பது பக்கம். உப்பள என்ற சொல்லுக்குப் பின் தகர ஒற்று ஏன் வந்தே ஆக வேண்டும் என்று சான்றுகளோடு நிறுவியிருந்தேன். அது இந்தப் பிரிவிலிருந்து கல்விப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து சட்டப் பிரிவுக்குப் போய், பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு. என்ன தெரியுமா? "'த்' என்பதன் விரிவு தருக."

சுருக்கெழுத்து என்று நினைத்துவிட்டார்கள், ஐயா! இனிஷியல் என்று!

"த் என்பது சுருக்கமன்று" என்று தொடங்கிப் பதினான்கு பக்கத்தில் பதில் எழுதினேன். அதை இசக்கிச்செல்வியிடம் காட்டினேன். அவள் படிக்கவில்லை. மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். பிறகு, "அண்ணாச்சி, உங்க ஆய்வேடு எப்ப முடிஞ்சது?" என்று கேட்டாள்.

"நான்கு ஆண்டாகிறது."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"தெரியாத மாதிரி கேட்கிறாயே. பெயர் திருந்தட்டும்."

"அத எனக்கு அனுப்புங்க. ஒருதடவ பிழை பாத்துத் தாரேன்."

என் ஆய்வேட்டில் பிழை பார்க்க என்ன இருக்கிறது? 'வல்லினம் மிகா இடங்கள்' என்பது தலைப்பு. இருந்தாலும், துக்கத்தில் இருக்கிற பெண், ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தேன். போன வாரம் மூன்று காகிதம் கொண்டுவந்து நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. வரி விடாமல் படித்தேன். 'உறுதிமொழி பத்திரம்' என்று இருந்தது. ப் போட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் திருத்தினேன். பிறகுதான் கையெழுத்து. எதற்கான உறுதிமொழியா? அது நினைவில்லையே. பெயர் எழுதியிருந்த இடத்தில் அவள் கட்டைவிரல் இருந்தது.

நாற்பது, நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றாம் ஆள் இல்லை போலிருக்கிறது. டீ குடிக்கப் போயிருப்பார். வந்து அழுவார்.

எனக்குக் கெடுவா? அதுவும் ஏதோ இந்த மாதம்தான். அருமைநாதன் ஐயா பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறார். "மெய்கண்டான், முப்பதாம் தேதி உனக்கும்தான் கடைசி. இனிமே நீட்டிப்பு கிடையாது, பதிவே ரத்தாயிடும். எட்டு வருஷம் போச்சுன்னு எழுதிக்க வேண்டியதுதான்." நான் வழக்கம்போல, "பெயர் திருந்தட்டும், ஐயா" என்றேன். "திருந்த வேண்டியது பெயர் இல்லடா" என்றார். பாதியில் நின்ற வாக்கியம். எது திருந்த வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.

ஆமாம், இன்றைக்குத் தேதி முப்பதுதான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நேற்று மாலை அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். கேன்டீனில் அம்மாவும் மகளும் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் கலங்கிவிட்டது. கைக்கு வந்த வேலை போகப்போகிறது, இந்த வெள்ளை மனத்தவர்களுக்கு அது உறைக்கவில்லையே என்று. போய் உட்கார்ந்தேன். பேச்சுக்கு, "அம்மா, ஊரில் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அளத்து வேலைதான் தம்பி."

நான் எழுந்தே விட்டேன். அளத்து வேலை! கேட்டீர்களா? பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத வாய். "இசக்கிச்செல்வி, உன் அம்மா வாயில் இருக்கிறது த்! உன் அட்டையில் இருந்தால் மட்டும் குற்றமா?" என்று கத்திவிட்டேன். நாலைந்து மேசை திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மா பதறவில்லை. "உக்காருங்க தம்பி" என்றார். "அது எங்க நாக்குல எப்பவும் கெடக்கும். கையில உப்பு கெடக்கிற மாதிரி. காயிதத்துல ஏறலன்னா அது எங்க போயிரப் போவுது? புள்ளைக்கு வேல போயிட்டா வருமா?" பிறகு இந்த மக்ரூன் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "தின்னுங்க. மெலிஞ்சு கெடக்கீங்க. உங்களுக்கும் நல்லது நடக்கும்."

உங்களுக்கும் என்றார். அந்த உம்மை எதற்கு என்று இரவெல்லாம் யோசித்தேன்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு இசக்கிச்செல்வி இந்தப் பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். இந்த டோக்கனையும் கையில் திணித்தாள். "இதுல அஞ்சு பிரதி இருக்கு அண்ணாச்சி. கடைசியா ஒருதடவ பேசிப் பாப்போம். நான் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன், நீங்க டோக்கனப் பாத்துக்கோங்க. பைய மட்டும் தொறக்காதீங்க. புது அட்டை, காத்துப் பட்டா வளைஞ்சிரும்" என்றாள். அம்மாவும் கூடவே போனார். பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனார். ஜெராக்ஸ் எடுக்கப் பெட்டி எதற்கு என்று எனக்கும் தோன்றியது. முதியவர்கள் பெட்டியை விட்டுப் பிரியமாட்டார்கள்.

இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. கடையில் கூட்டமாக இருக்கும்.

சற்றுப் பொறுங்கள், செய்தி வந்திருக்கிறது. அவள்தான். படிக்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

"அண்ணாச்சி கோவப்படாதீங்க. நான் நேத்தே பழைய அட்டைய ஒட்டிக் குடுத்து ரசீது வாங்கிட்டேன். அட்டைல மட்டும்தான் ஆபீஸ் தமிழ். உள்ள பூரா உங்க தமிழ். த் எல்லா எடத்துலயும் இருக்கு."

பழைய அட்டை. கிழித்துப் போடச் சொல்லியிருந்தேனே.

"நாங்க ரயில் ஏறிட்டோம். பைல இருக்கிறது என்னோடது இல்ல. உங்க ஆய்வேடு. சார் கையெழுத்து, உங்க உறுதிமொழி எல்லாம் வச்சாச்சி. டோக்கனும் உங்க பேர்லதான் போட்டேன். அஞ்சு மணிக்கு ஜன்னல் மூடிருவாங்க. குடுத்துருங்க அண்ணாச்சி. எட்டு வருசம். அம்மாவும் சொல்லச் சொன்னா."

கீழே பெயர் போட்டிருக்கிறாள். இசக்கிச்செல்வி.

ச் போட்டிருக்கிறாள், ஐயா. ஐந்தாண்டில் முதல் தடவை.

கண்ணில் தூசி. இந்த வளாகத்தில் சுத்தம் என்பதே கிடையாது. அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

பையைத் திறந்து பார்க்கிறேன். ஆமாம். பச்சை அட்டை, ஐந்து பிரதி. 'வல்லினம் மிகா இடங்கள்.' அழகாகத்தான் கட்டியிருக்கிறாள். ஆய்வாளர்... ஐயா, இங்கே பாருங்கள். இந்த இடத்தில் பாருங்கள். மெய்க்கண்டான். க் போட்டிருக்கிறாள்! ஆணையில் உள்ளபடி வேண்டும் என்று க் போட்டிருக்கிறாள். வல்லினம் மிகா இடங்கள் என்று எழுதி, அதற்குக் கீழேயே, மிகா இடத்தில்...

நாற்பத்து மூன்று என்கிறார். கேட்டது, கேட்டது. மணி நாலு ஐம்பதுதானே. நீங்கள் முதலில் போங்கள், ஐயா, நாற்பத்து நான்கு நீங்கள்தானே. உங்கள் மகளின் சான்றிதழ்தான் முக்கியம். அந்தப் பேனாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐந்து அட்டை, ஐந்து க். நுனியால் சுரண்டினால் பொன் மை உதிர்ந்துவிடும். ஐந்து நிமிடம் போதும்.

ஏன் பேனாவைச் சட்டைக்குள் போடுகிறீர்கள்?

ஐயா, அது என் பை. கனம், நீங்கள் தூக்க வேண்டாம். எங்கே போகிறீர்கள்? ஜன்னலுக்கா? கொடுக்காதீர்கள், அதில் ஒரு க் கூடுதல்! ஐயா!

கொடுத்துவிட்டார்.

அம்மா, சிவப்பு காட்டியிருக்குமே? காட்டவில்லையா? ஐந்து பிரதியும் சரியாக இருக்கிறதா? ஓர் எழுத்துக்கூட மாறவில்லையா?

என்ன? ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா?

ஐயா, என்னைக் கை காட்டாதீர்கள்.

"மெய்க்கண்டான் வந்திருக்காரா, இல்லையா சார்? மூடப் போறேன்."

வந்திருக்கிறார், அம்மா. இதோ வருகிறார்.